ரன்னிங் ஷூவுக்குச் சந்தா கட்டலாமா? மதுரையில் ஓடுபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மாதாமாதம் ஒரு தொகை கட்டினால் ஷூ வீட்டுக்கு வரும். தேய்ந்ததும் பழையதைத் திருப்பிக் கொடுத்தால் புதியது வரும். ரன்னிங் ஷூ சந்தா என்பது இவ்வளவுதான். இதில் சேரும் புதியவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். கட்டணம் குறைவாகத் தெரிந்ததும் கார்டைப் போட்டுவிடுகிறார்கள். மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறோம் என்று அதன்பிறகுதான் எண்ணிப் பார்க்கிறார்கள். அந்த வரிசையை நேராக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். சேரலாமா வேண்டாமா என்ற முடிவு கீழே உள்ள படிகளில் ஐந்தாவதில்தான் வருகிறது. அதற்கு முன் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குறைந்தது 8 வாரங்களுக்கான ஓட்டக் கணக்கு. இப்போது போட்டு ஓடும் ஷூவும், அதை வாங்கிய பில்லும். ஒரு ஏ4 தாள், பென்சில், ஸ்கேல். திட்டத்தின் முழு விதிமுறை. விளம்பரப் பக்கம் போதாது. இவற்றில் ஓட்டக் கணக்கு இல்லையென்றால் 8 வாரம் பொறுத்திருந்து எழுதிவிட்டு வாருங்கள். அது இல்லாமல் போடும் எந்தக் கணக்கும் ஊகம்தான்.

1. உங்கள் கிலோமீட்டரை எண்ணுங்கள்

ஷூவின் ஆயுளை மாதத்தில் அளக்க முடியாது, கிலோமீட்டரில்தான் அளக்க முடியும். சாதாரண ரன்னிங் ஷூ 500 முதல் 800 கி.மீ. வரை தாங்கும் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. உடல் எடை கூடியவர்களுக்கும், தார்ச்சாலையிலேயே ஓடுபவர்களுக்கும் 500 பக்கம் சாயும். எடை குறைந்தவர்களுக்கும், மண்தரையில் ஓடுபவர்களுக்கும் மேல் எல்லை வரை போகும். கணக்குக்கு 600 என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்ட்ராவா, கார்மின் போன்ற செயலிகளில் ஷூவைத் தனியாகப் பதிவு செய்து அதன் கிலோமீட்டரை எண்ணும் வசதி இருக்கிறது. அதைத் திறந்து வையுங்கள். செயலி வேண்டாம் என்பவர்களுக்கு நோட்டுப் புத்தகமும் போதும். ரேஸ்கோர்ஸ் மைதானத் தடத்தில் உள்சுற்று 400 மீட்டர். வண்டியூர் தெப்பக்குளத்தை ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ 1.2 கி.மீ. சுற்றை எண்ணினால் கணக்கு வந்துவிடும். மாசி வீதிகள் போன்ற நெருக்கமான தெருக்களில் கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் தடுமாறும். அங்கே போன் காட்டும் தூரத்தை அப்படியே நம்ப வேண்டாம்.

இங்கே அதிகம் பேர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மார்கழி, தை மாதங்களில் பனிக்காற்றில் ஓடிய தூரத்தை வைத்து ஆண்டு முழுவதற்கும் கணக்குப் போட்டுவிடுவார்கள். மதுரையில் ஓட்டம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. சித்திரைத் திருவிழா நாட்களில் ஊருக்குள் ஓட இடம் இருக்காது. அக்னி நட்சத்திரத்தில் காலை ஏழு மணிக்கே வெயில் சுடும். ஐப்பசி மழையில் சில வாரங்கள் கழியும். தை மாதம் 160 கி.மீ. ஓடியவர் வைகாசியில் 60 கி.மீ. ஓடினாலே பெரிது. கட்டணமோ பன்னிரண்டு மாதமும் ஒன்றுதான். ஆகவே ஆண்டு முழுவதற்குமான தூரத்தை 12-ஆல் வகுத்து வரும் சராசரியையே பயன்படுத்துங்கள். ஆண்டுக் கணக்கு இல்லாதவர்கள், நல்ல பருவத்தில் எடுத்த 8 வாரச் சராசரியிலிருந்து கால்பங்கைக் குறைத்துக்கொண்டால் உண்மைக்குப் பக்கத்தில் வருவார்கள்.

2. இப்போதைய ஷூ எப்படித் தேய்கிறது என்று பாருங்கள்

புதிய ஷூ எவ்வளவு நாள் தாங்கும் என்று பழைய ஷூ சொல்லிவிடும். அதை ஒரு மேசையில் வைத்துப் பின்புறமிருந்து பாருங்கள். குதிகால் உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்திருந்தால் ஒருபக்கம் நுரை அமுங்கிவிட்டது என்று பொருள். மிட்சோலின் (ஷூவின் நடுவில் இருக்கும் நுரை அடுக்கு) பக்கவாட்டில் ஆழமான மடிப்புக் கோடுகள் விழுந்திருக்கிறதா, அடி ரப்பர் தேய்ந்து உள்ளே நுரை தெரிகிறதா என்றும் பாருங்கள். மேல்துணி புதிதுபோல் இருப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ரன்னிங் ஷூவில் முதலில் சாவது நடுவில் இருக்கும் நுரை. அதற்குள் இருக்கும் நுண்ணிய காற்றறைகள் ஆயிரக்கணக்கான மிதிகளில் நசுங்கித் திரும்பி எழாமல் போகின்றன. கண்ணுக்குத் தெரியாது, முழங்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் தெரியும்.

வெயிலும் ஷூவைத் தின்னும். பல ஷூக்களின் மிட்சோல் ஈவிஏ என்ற நுரையால் ஆனது. சூடேறினால் அது இளகும். ஷூவை வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலோ வைத்துவிட்டு வேலைக்குப் போகிற பழக்கம் இருந்தால், 600-ஐ 500 என்று குறைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பழக்கத்தை மாற்றுங்கள்.

எங்கே ஓடுகிறீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். கண்மாய்க் கரை, நாகமலை அடிவாரம், சமணர் மலைப் பக்கம் ஓடுபவர்களுக்கு நெருஞ்சியும் சீமைக் கருவேல முள்ளும் சோலில் ஏறும். கருவேல முள் ரப்பரைத் துளைத்து நுரைக்குள் ஒடிந்து நிற்கும். சந்தாத் திட்டம் அதைச் சாதாரணத் தேய்மானம் என்று கொள்ளுமா, சேதம் என்று பணம் கேட்குமா என்பது நான்காவது படியில் கேட்க வேண்டிய கேள்வி.

3. பாதத்தை மாலையில் அளந்து வையுங்கள்

கடையில் வாங்கும்போது போட்டுப் பார்த்து வாங்கலாம். சந்தாவில் கூரியரில்தான் வரும். அளவு தவறினால் மாற்றி வரும்வரை ஓட்டமும் நிற்கும், கட்டணமும் ஓடும்.

நாள் முழுவதும் நடமாடியதில் பாதம் சற்று வீங்கும்; ஓடும்போது இன்னும் வீங்கும். அதனால் மாலையில் அளக்க வேண்டும். ஓடும்போது போடும் அதே சாக்ஸைப் போட்டுக்கொண்டு, தாளைச் சுவரோடு ஒட்டித் தரையில் வைத்து, குதிகால் சுவரைத் தொடும்படி முழு எடையையும் ஊன்றி நில்லுங்கள். நீளமான விரலின் நுனியில் பென்சிலை நேராகப் பிடித்துக் குறியுங்கள். முன்பாதத்தின் மிக அகலமான இடத்தையும் இரு பக்கமும் குறியுங்கள். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். நீளத்துக்கு மேல் 10 முதல் 12 மில்லிமீட்டர் இடம் வேண்டும். இல்லாவிட்டால் நீண்ட ஓட்டத்தில் பெருவிரல் நகம் கறுத்துவிடும்.

அகலத்தை விட்டுவிடாதீர்கள். வெறுங்காலிலும் செருப்பிலும் வளர்ந்த பாதங்களில் முன்பாதம் விரிந்திருப்பது வழக்கம். நம் ஊரில் பலர் 8-ஆம் எண் நீளத்துக்கு அகலம் போதாமல் 9 வாங்கிவிட்டு, குதிகால் வழுக்குகிறது என்று லேஸை இறுக்குகிறார்கள். அகலமான வார்ப்பில் அந்த ஷூ கிடைக்கிறதா என்பதே சரியான கேள்வி. ஷூ பெட்டியில் 2இ (2E), 4இ (4E) என்று இருந்தால் அது அகல வார்ப்பு. ஒரே ஒரு மாடலை ஒரே அகலத்தில் மட்டும் தரும் சந்தாத் திட்டம் உங்கள் காலுக்குப் பொருந்தவில்லையென்றால், மற்ற படிகளுக்குப் போக வேண்டியதே இல்லை.

எண்ணை எழுதும்போது அது இங்கிலாந்து அளவா, அமெரிக்க அளவா என்று பாருங்கள். இந்தியக் கடைகளில் நாம் பழகியது பெரும்பாலும் இங்கிலாந்து எண். ஆண்கள் ஷூவில் அமெரிக்க எண் பொதுவாக ஒன்று கூடுதலாக இருக்கும். மில்லிமீட்டர் அல்லது சென்டிமீட்டர் அளவு கொடுக்க இடமிருந்தால் அதையே கொடுங்கள், குழப்பமே வராது.

4. விதிமுறையில் தேட வேண்டியவை

கட்டணத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் தேட வேண்டியது: எப்போது மாற்றித் தருவார்கள்? நாள் கணக்கிலா, கிலோமீட்டர் கணக்கிலா? ‘தேய்ந்ததும் மாற்றலாம்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். ‘ஆறு மாதத்துக்கு ஒருமுறை’ என்று சிறிய எழுத்தில் இருக்கும். அந்தச் சிறிய எழுத்துதான் உங்கள் ஒரு ஜோடியின் உண்மையான விலையைத் தீர்மானிக்கிறது.

அடுத்தது, குறைந்தபட்சக் காலம். ஆறு மாதத்துக்குள் நிறுத்தினால் மீதிக் கட்டணம் முழுவதும் கட்ட வேண்டுமா, ஷூவின் விலையைக் கட்ட வேண்டுமா, டெபாசிட் போய்விடுமா? காயம் பட்டோ அக்னி நட்சத்திரத்திலோ ஒன்றிரண்டு மாதம் நிறுத்தி வைக்க முடியுமா? முடியும் என்றால், அந்த மாதங்களுக்குக் கட்டணம் உண்டா?

பிறகு, ஷூ யாருடையது என்பது. பெரும்பாலான திட்டங்களில் அது நிறுவனத்தின் சொத்து. திரும்பப் போக வேண்டும். சொந்த ஷூ என்றால் ஓடி முடித்தபின் இன்னும் ஓராண்டு நடைப்பயிற்சிக்கும் கடைக்குப் போகவும் உதவும், அல்லது தேவைப்படுபவருக்குக் கொடுக்கலாம். சந்தாவில் அந்த இரண்டாம் ஆயுள் உங்களுக்குக் கிடையாது. நம் வீடுகளில் இது சின்ன விஷயம் இல்லை.

பழுது பார்ப்பது பற்றியும் படியுங்கள். முனை பிரிந்தால் தெருமுனையில் தைப்பவரிடம் கொடுத்துப் பசை போட்டு, நூல் ஓட்டி வாங்கிவிடுவோம். மறுசுழற்சிக்காகத் திரும்ப எடுக்கும் திட்டத்தில் அதைச் செய்யக் கூடாது. இத்தகைய ஷூக்களைக் கூடிய மட்டும் குறைந்த வகைப் பொருட்களால் செய்கிறார்கள், அரைத்து உருக்கி மறுபடி பயன்படுத்துவதற்காக. சுவிட்சர்லாந்தின் ஆன் நிறுவனம் சந்தாவுக்கென்றே கொண்டுவந்த ஷூவில் ஆமணக்கிலிருந்து எடுக்கும் பாலிஅமைடைப் (நைலான் வகைப் பிளாஸ்டிக்) பயன்படுத்தியது. அந்தக் கலவையில் வெளிப்பசை சேர்ந்தால் பொருள் கெடும், நிறுவனம் சேதம் என்று சொல்லக்கூடும். அதே ஷூவுக்குச் சாயமும் ஏற்றவில்லை, வெள்ளைதான். அழகர்கோவில் சாலையோரச் செம்மண்ணில் ஓடினால் ஒரே வாரத்தில் நிறம் மாறும். கறை சேதமாகாது என்பதை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாடலை அவர்கள் விருப்பப்படி மாற்றலாம் என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் 10 மி.மீ. உள்ள ஷூவில் பழகிய கால், திடீரென 4 மி.மீ. ஷூவுக்கு மாறினால் கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாணும் கூடுதலாக இழுபடும். முன்னறிவிப்பு இல்லாமல் மாடல் மாறும் திட்டம் நல்லதல்ல.

5. இரண்டு கணக்கு போடுங்கள்

முதல் கணக்கு: மாதக் கட்டணத்தை, மாற்றுவதற்கான குறைந்தபட்ச மாதங்களால் பெருக்குங்கள். வரும் தொகை அதே தரமுள்ள ஷூவின் கடை விலையைவிடக் கூடுதலாக இருந்தால், நீங்கள் எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் பணக் கணக்கில் சந்தா வெல்லாது. அங்கேயே நிறுத்திவிடலாம்.

ஒரு எடுத்துக்காட்டு. கட்டணம் மாதம் ரூ. 1,500, ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் மாற்றுவார்கள். ஒரு ஜோடி ரூ. 9,000 ஆகிறது. அதே தர ஷூ கடையில் ரூ. 6,000. மாதம் 200 கி.மீ. ஓடுபவருக்கு லாபம் என்று தோன்றும். அவருக்கு ஷூ மூன்றே மாதத்தில் தீர்ந்துவிடும், அடுத்தது வர இன்னும் மூன்று மாதம் இருக்கும். இடையில் ரூ. 6,000 கொடுத்து ஒன்று வாங்கியாக வேண்டும். 1,200 கி.மீ.க்கு அவர் செலவு ரூ. 15,000. சொந்தமாக இரண்டு ஜோடி வாங்கியிருந்தால் ரூ. 12,000.

முதல் கணக்கில் தேறினால் இரண்டாவது கணக்கு: மாதக் கட்டணத்தை ஷூ தாங்கும் கிலோமீட்டரால் பெருக்கி, கடை விலையால் வகுங்கள். அதே ரூ. 1,500 திட்டம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றித் தந்தால், 1,500 × 600 ÷ 6,000 = 150. மாதம் சராசரி 150 கி.மீ.க்கு மேல் ஓடுபவருக்கே அது லாபம். 80 கி.மீ. ஓடுபவருக்குக் கிலோமீட்டருக்கு ரூ. 18.75 ஆகிறது, சொந்த ஷூ என்றால் ரூ. 10. 200 கி.மீ. ஓடுபவருக்கு ரூ. 7.50-தான். முதல் படியில் எடுத்த ஆண்டுச் சராசரியை இங்கே பொருத்திப் பாருங்கள்.

கடை விலை என்பது பெட்டியில் அச்சிட்ட விலை அல்ல, நீங்கள் உண்மையில் கொடுக்கும் விலை. புதிய பதிப்பு வந்ததும் முந்தைய பதிப்பின் விலை குறைவது வழக்கம். தீபாவளித் தள்ளுபடியும் உண்டு. நிறுவனங்கள் தங்கள் சந்தாவை அச்சிட்ட விலையோடு ஒப்பிட்டுக் காட்டும். உங்கள் பில்லோடு நீங்கள் ஒப்பிடுங்கள். கட்டணத்தில் ஜிஎஸ்டி அடக்கமா என்றும் பாருங்கள்; 18 விழுக்காடு தனியாக என்றால் 1,500 என்பது 1,770 ஆகிவிடும், மேலே உள்ள 150 கி.மீ. எல்லையும் 177 ஆகிவிடும்.

வெளிநாட்டுத் திட்டமென்றால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஆன் நிறுவனத்தின் சந்தா மாதம் 29.99 டாலர் என்றுதான் அறிவிக்கப்பட்டது; ஆறு மாதத்துக்கு ஏறத்தாழ 180 டாலர். அதன்மேல் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம், சுங்க வரி. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் முகவரிக்கு வரவழைத்து, அவர் ஊருக்கு வரும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று சிலர் திட்டமிடுகிறார்கள். வருவது சுலபம், பழைய ஷூ அந்த நாட்டுக்கே திரும்பிப் போக வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

காவலர் தேர்வுக்கோ ராணுவ ஆள்சேர்ப்புக்கோ தயாராகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: ஓட்டத் தேர்வுக்காகச் சில மாதம் மைதானத்தில் ஓடுவதற்குச் சந்தா வேண்டாம். உங்கள் மொத்தத் தூரம் ஒரு ஜோடிக்குள் அடங்கிவிடும். நல்ல ஷூ ஒன்றைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

6. பிக்அப் வருமா என்று கேளுங்கள்

உங்கள் பின்கோடுக்கு டெலிவரி உண்டு என்றால் பிக்அப்பும் உண்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கூரியர் நிறுவனங்களில் இரண்டும் தனித்தனிப் பட்டியல். கே.கே. நகரில் வீட்டுக்கே வந்து எடுப்பார்கள். உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் ‘நீங்களே அனுப்பிவிடுங்கள்’ என்று செய்தி வரலாம். அப்படியானால் அந்தச் செலவு யாருடையது? பழைய ஷூ போய்ச் சேர்ந்த பிறகுதான் புதியது கிளம்புமா? கிளம்புமென்றால் இடைப்பட்ட நாட்களுக்கு ஓட இன்னொரு ஜோடி சொந்தமாக இருந்தே ஆக வேண்டும். அதன் விலையையும் ஐந்தாம் படிக் கணக்கில் சேருங்கள்.

7. பணம் கட்டும் வழியை அமையுங்கள்

ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பிடிக்கும் சந்தாவுக்கு முதல்முறை உங்கள் ஒப்புதல் வேண்டும், அதன்பின் ரூ. 15,000 வரை ஓடிபி இல்லாமலே பிடிக்கலாம். ஒவ்வொரு முறையும் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். அந்தச் செய்தியை விளம்பரம் என்று தள்ளிவிடாமல் தொகையைப் படியுங்கள்.

யுபிஐ ஆட்டோபே வைத்தால் நிறுத்துவது எளிது. உங்கள் யுபிஐ செயலியிலேயே ரத்து செய்யலாம். ஒப்புதல் கொடுக்கும்போது ‘அதிகபட்சத் தொகை’ என்ற இடத்தைப் பாருங்கள். கட்டணம் 1,500 என்றிருக்க, அங்கே 10,000 என்று இருந்தால், தொலைந்த ஷூ, சேதமான ஷூ என்று கூடுதல் தொகையையும் கேட்காமல் பிடிக்க வழி திறந்திருக்கிறது. அப்படியே ஒப்புதல் கொடுக்க வேண்டாம்.

8. முதல் ஜோடி வந்ததும்

வெளியே போட்டுப் போகும் முன் படம் எடுங்கள்: மேல்புறம், இரு பக்கமும், அடிப்புறம், குதிகாலின் பின்புறம், உள்புறம். தேதி தெரியும்படி பெட்டியின் லேபிளையும் எடுங்கள். திருப்பிக் கொடுக்கும் நாளில் தகராறு வந்தால் பேசப்போவது இந்தப் படங்கள்தான்.

இரண்டு நாள் வீட்டுக்குள் மட்டும் போட்டு நடங்கள். பொதுவாக வெளியே போட்டு ஓடாத ஷூவை மட்டுமே அளவு மாற்றித் தருவார்கள். அளவு சரி என்று தெரிந்தபின், முதல் இரண்டு வாரம் பழைய ஷூவோடு மாற்றி மாற்றிப் போடுங்கள். புதியதில் 5 கி.மீ.க்குள் நிறுத்துங்கள்.

மழையில் நனைந்தால் இன்சோலை (ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தை) வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றுங்கள். மொட்டை மாடி வெயிலில் காய வைத்தால் ஒட்டு விடும். வாஷிங் மெஷினும் வேண்டாம்.

9. மாற்றும் நாள்

500 கி.மீ. தாண்டியதும் வாரம் ஒருமுறை மேசையில் வைத்துப் பாருங்கள். மாற்றுவதற்கான விண்ணப்பத்தை ஷூ முழுவதும் தீர்ந்த பிறகு போடாதீர்கள், 50 கி.மீ. மிச்சம் இருக்கும்போதே போட்டால், கூரியர் தாமதமானாலும் ஓட்டம் நிற்காது.

அனுப்பும் முன் மண்ணைத் தட்டி, ஈரம் முழுவதும் போகக் காய வைத்து, முள் இருந்தால் இடுக்கியால் பிடுங்கிவிடுங்கள். ஈரத்தோடு பெட்டியில் அடைத்தால் போய்ச் சேர்வதற்குள் பூஞ்சை பிடிக்கும். முதல் நாள் எடுத்த அதே கோணங்களில் மறுபடி படம் எடுத்து, பிக்அப் ரசீது எண்ணோடு சேர்த்து வையுங்கள். தங்களுடைய தனி இன்சோலைப் போட்டு ஓடுபவர்கள் அதை எடுத்துவிட்டுப் பழைய இன்சோலைத் திரும்ப வைக்க மறக்கிறார்கள். ஷூவோடு வந்த இன்சோலை முதல் நாளே ஒரு பையில் போட்டு வையுங்கள்.

10. நிறுத்துவதானால்

ஆட்டோபேயை ரத்து செய்வதும் சந்தாவை ரத்து செய்வதும் வேறு வேறு. ஆட்டோபேயை மட்டும் நிறுத்தினால் பணம் பிடிக்க முடியாது, ஆனால் ஒப்பந்தம் உயிரோடு இருக்கும். பாக்கி ஏறிக்கொண்டே போகும். முதலில் சந்தாவை ரத்து செய்து மின்னஞ்சலில் உறுதி வாங்குங்கள். பிறகு ஷூவைத் திருப்பி அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான பதிலை வாங்குங்கள். டெபாசிட் கணக்கில் வந்தபின் ஆட்டோபேயை ரத்து செய்யுங்கள். ஷூ போய்ச் சேர்ந்தபின்னும் அடுத்த மாதக் கட்டணத்துக்கு முன்னறிவிப்பு வந்தால், டெபாசிட்டுக்குக் காத்திருக்காமல் உடனே ரத்து செய்துவிடலாம்.

சேர ஒரு பொத்தானும், விலக ஐந்து தொலைபேசி அழைப்பும் வைத்திருந்தால் அது சட்டப்படியே தவறு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் இத்தகைய சந்தாப் பொறியும் தடை செய்யப்பட்ட உத்திகளில் ஒன்று. மின்னஞ்சல்களையும் படங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள்.